தையல் அக்கா எந்த குரூப்?

மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு இரண்டு காது போதாது. எல்லா மாடியின் வம்பும் என் பெட்டியில் ஏறித்தான் இறங்கும். அதனால் தையல் அக்காவின் கதையை என்னைவிட முழுசாக யாரும் சொல்லிவிட முடியாது.

அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது அக்காவின் வேலை. துவைக்கும் அறைக்கும் இஸ்திரி அறைக்கும் நடுவிலுள்ள நடைபாதையில் அவளுடைய மெஷின். கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் கிடையாது. சலவைக்கூடம்தான் குடும்பம். துவைக்கிறவர்களில் ஒருத்திக்குப் பிரசவம் என்றால் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போவாள். இஸ்திரிக்காரர் மகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பாள். வாயும் சும்மா இருக்காது. "டாக்டருங்க ஆளைத் தைக்கிறாங்க, நான் விரிப்பைத் தைக்கிறேன். என் தையல் பிரிஞ்சுதுன்னு யாராவது வந்து சொல்லட்டும் பாப்போம்" என்பாள்.

ஒரு கோடையில் இஸ்திரி அறை மின்விசிறியைக் கழற்றித் துவைக்கும் அறையில் மாட்டிவிட்டார்கள். அனலில் நிற்கிறவர்கள் கொதித்தார்கள். ஈரத்தில் நிற்கிறவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மாதிரி எத்தனையோ வந்து போயிருக்கிறது. கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் யாராவது சிரித்துத் தொலைப்பார்கள். இந்தத் தடவை மேலதிகாரி இறங்கி வந்து, "இங்க குரூப்பிசம் எல்லாம் கூடாது" என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். பிடித்தது சனி.

அதுவரை அதன் பெயர் சண்டை. சண்டை என்றால் ஓயும். குரூப்பிசம் என்று சொல்லிவிட்டால் குரூப் வேண்டுமே! ஆளாளுக்கு ஒன்றில் போய்ச் சேர்ந்தார்கள். சாப்பாட்டு மேஜை இரண்டானது. "அவங்கதான் குரூப்பிசம் பண்றாங்க" என்று இரண்டு தரப்பும் சொல்லி லிஃப்டில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. "நாங்க பண்றோம்" என்று ஒரு வாயிலிருந்தும் வந்ததில்லை. அந்த வார்த்தைக்கு எதிரே நிற்பவனை மட்டும்தான் காட்டத் தெரியும்போல.

அக்கா எதிலும் சேரவில்லை. பாதிச் சாப்பாடு இந்த மேஜையில், மீதி அந்த மேஜையில். அதனால் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவளாகிவிட்டாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். துவைக்கிறவர்கள் அவளை இஸ்திரி குரூப் என்றார்கள். இஸ்திரிக்காரர்கள் அவளைத் துவைக்கிற குரூப் என்றார்கள்.

வயிற்றில் கட்டி என்று அக்காவை எங்கள் மருத்துவமனையிலேயே நான்காம் மாடியில் சேர்த்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி என் லிஃப்டில்தான் ஏறினாள்.

"தம்பி, கீழ சொல்லிடு. ரெண்டு குரூப்பும் ஒண்ணா வந்துடப் போறாங்க. முதல்ல துவைக்கிறவங்க வரட்டும், அவங்க போனப்புறம் இஸ்திரிக்காரங்க வரட்டும். என் கட்டில்கிட்ட நின்னு அடிச்சுக்கப் போறாங்க."

போய்ச் சொன்னேன். "அவங்க ஆளுதானே, அவங்க பாத்துக்குவாங்க" என்றார்கள் துவைக்கும் அறையில். இஸ்திரி அறையிலும் அதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனுஷங்களாய்யா நீங்க?" என்று கத்தினேன்.

"நீ எந்த குரூப்பு?" என்று கேட்டார்கள்.

என் வேலை முடிந்ததும் தினமும் அக்காவைப் பார்க்கப் போவேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. "ஒருவேளை சேர்ந்து வந்துட்டா பக்கத்துல பக்கத்துல உட்கார மாட்டாங்க. அதான் நர்ஸம்மாகிட்ட கேட்டுப் போட்டு வச்சேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கீழ வேலை ஜாஸ்தியோ?" என்றாள்.

"ரொம்ப ஜாஸ்திக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

செய்தி போனதும் இரண்டு குரூப்பும் ஓடி வந்து என் லிஃப்டில் ஒன்றாக ஏறினார்கள். துவைக்கிறவர்களில் மூத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நீங்க வந்து பாத்துக்கிறீங்கன்னு நெனச்சோம்."

"நாங்க நீங்கன்னு நெனச்சோம்" என்றார் இஸ்திரிக்காரர்.

உடம்பை எடுத்துப் போயிருந்தார்கள். கட்டிலில் புது விரிப்பு. இரண்டு நாற்காலியும் அப்படியே இருந்தன. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள்.

"உட்காருங்க" என்றேன். "அக்கா உங்களுக்குத்தான் போட்டு வச்சிருந்தாங்க."