லம்பாங்கில் இறங்கிப்போன பாஸ்போட்

கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்தில் என் முதுகுப்பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு மனைவி மாலதி கேட்டாள்: "ஐம்பத்தி நாலு வயசில இதென்ன கோலம்? ஆரோ துரத்திக்கொண்டு வாற மாதிரி." துரத்தினால் ஓட வசதியாக இருக்கட்டும் என்றுதான் பை என்றேன். மொத்தம் பதினொரு கிலோ. அதில் இரண்டு கிலோ கடதாசி: பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வீட்டு வாடகை ஒப்பந்தம். தாய்லாந்தில் வாடகை ஒப்பந்தத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று மகள் சிரித்தாள். அவள் ஜெர்மனியில் பிறந்தவள். நான் வந்து சேர்ந்தவன்.

பாங்கொக் எனக்குப் புது ஊரல்ல. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் எங்கள் ஏழு பேரை அங்கே ஒரு லாட்ஜ் அறையில் நாற்பத்தொரு நாள் வைத்திருந்தான். ஒரு மின்னடுப்பு, ஒரு சட்டி பருப்பு, ஒரு சீட்டுக்கட்டு. சீட்டில் ஒரு ராணி குறைவு. சோப்பு மட்டையில் கீறிச் சேர்த்துக்கொண்டோம். பக்கத்துப் பாயில் படுத்தவரை மாஸ்டர் என்போம். அவருடைய குறட்டையின் ஏற்ற இறக்கம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பெயர் தெரியாது. ஏஜென்சிக்காரனின் முதல் விதி, உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது. இரண்டாவது விதி, சீருடையைக் கண்டால் பாஸ்போட் கையில் இருக்கக் கூடாது. அன்றைய பாஸ்போட்டுகளின் யோக்கியதை அப்படி.

இம்முறை அதே பகுதியில் ஒரு விடுதி பிடித்தேன். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஓர் அடுக்குக் கட்டில், 380 பாத். மேல் தட்டில் அனலீஸே என்ற அம்மா. வயது அறுபத்தொன்பது, லைப்சிக்கில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் ஏணியால் இறங்கிவந்து, ஜெர்மன் மொழியில் என் பெயரைக் கேட்டார்.

"குமார்" என்றேன்.

என் பெயர் சிவநேசன். வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. திருத்தலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர் ஒரு வாழைப்பழத்தை நீட்டிவிட்டார். குமாராகவே சாப்பிட்டேன்.

இருவருமாகச் சுகோதாய் போனோம். வாடகைச் சைக்கிள் நாளுக்கு முப்பது பாத். இடிந்த கோயில்களுக்கு நடுவே அவர் முன்னால் மிதிக்க, நான் பின்னால் மூச்சு வாங்கினேன்.

நான்காம் நாள் காலை 8.30க்கு சியாங்மாய் பேருந்து. அவர் நடுவழியில் லம்பாங்கில் இறங்குவதாக ஏற்பாடு. பதினொரு மணியளவில் வண்டி நின்றது. இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள்.

இனி நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் வலது கைதான் பொறுப்பு. அசல் ஜெர்மன் பாஸ்போட்டை இடுப்புப் பையிலிருந்து உருவி, அனலீஸேயின் மாம்பழப் பைக்குள் சொருகிவிட்டது. பொலிஸ்காரர் உள்ளூர் ஆட்களின் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், அனலீஸேக்கு ஒரு கும்பிடு போட்டார்கள், இறங்கிப் போனார்கள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடப் பயம் அவமானப்பட்டு நின்றது.

பிறகு மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். பயந்து முடித்தவனுக்கு வரும் நித்திரை கல்லுப் போன்றது. மதியம் இரண்டரைக்கு சியாங்மாயில் விழித்தேன். பக்கத்து இருக்கையில் அனலீஸே இல்லை. மாம்பழமும் இல்லை. ஜெர்மன் குடிமகனான நானும் இல்லை.

அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இல்லை. நான்கு நாளில் விமானம். தூதரகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே காய்ச்சல் வந்தது. பையில் வாடகை ஒப்பந்தம் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டினால் கெல்சென்கிர்ச்சனில் என் வீட்டுக்குள் விடுவார்கள். அதற்கு முன், விமானத்துக்குள் விட வேண்டுமே.

மூன்றரைக்குத் திரும்பும் பேருந்து, நூறு கிலோமீற்றர். ஐந்தே காலுக்கு லம்பாங் நிலையத்தில் இறங்கினேன். லம்பாங்கின் விடுதிகளை எல்லாம் கதவு தட்டிப் பார்ப்பது என் திட்டம்.

மின்விசிறிக்குக் கீழே, மர வாங்கில் அனலீஸே உட்கார்ந்திருந்தார். பையைக்கூட முதுகிலிருந்து கழற்றவில்லை. பன்னிரண்டரை மணியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார்.

"சிவநேசன் எண்டது ஆர்?" என்று கேட்டார். (அவர் பேசியது ஜெர்மன், எழுதும்போது எனக்கு இப்படித்தான் வருகிறது.)

"அதுவும் நான்தான்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, லாட்ஜ் அறை, ஏழு பேர், இரண்டு விதி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி மாம்பழத்தைச் சீவிக்கொண்டே கேட்டார். நான் பாஸ்போட்டைச் சொருகியதைக் கண்டதாகவும், இறங்கும் அவசரத்தில் மறந்து, வண்டி புறப்பட்ட பிறகே நினைவு வந்ததாகவும் சொன்னார்.

"கண்டனீங்கள் எண்டால் ஏன் அப்பவே கேட்கேல்லை?"

"நான் வளர்ந்தது கிழக்கு ஜெர்மனியில. பொலிஸ் ஏறேக்க பக்கத்தில இருக்கிறவர் பையில எதையும் வைச்சால், அங்க ஒருத்தரும் ஏன் எண்டு கேட்க மாட்டினம்." மாம்பழத் துண்டை நீட்டினார். "அவங்கள் இறங்குமட்டும் நானும் மூச்சு விடேல்லை."

மதில் விழுந்து எத்தனை வருடம் என்று அவரும், நான் ஜெர்மன் குடிமகனாகி எத்தனை வருடம் என்று நானும் எண்ணிப் பார்த்தோம். இருவருக்கும் வெட்கமாக இருந்தது. பிறகு சிரித்தோம், நிலையத்து நாய் எழும்பி வேறிடம் போகும்வரை.

அங்கே வைத்துத்தான் எண்களைக் கொடுத்துக்கொண்டோம். என் எண்ணுக்கு மேலே முழுப் பெயரையும் நானே தட்டிக் கொடுத்தேன். மாஸ்டருக்கு ஒருநாள் இப்படிக் கொடுத்திருந்தால் என்ன என்று தோன்றியது. அவர் பாரிஸில் இருக்கலாம், டொரொன்டோவில் இருக்கலாம், எங்குமே போய்ச் சேராமலும் இருக்கலாம். நாற்பத்தொரு நாள் ஒரே சட்டியில் சாப்பிட்டவரை எந்தப் பெயர் போட்டுத் தேடுவது?

ட்யூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வரிசை நகர்ந்தது. முதல்முறை ஜெர்மனிக்கு வந்தபோது, இறங்குவதற்கு முன் விமானக் கழிவறையில் பாஸ்போட்டைக் கிழித்துப் போட்டவன் நான். இம்முறை வியர்க்கவில்லை என்று எழுத ஆசைதான். வியர்த்தது. அதிகாரி பக்கத்தைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, இதில் என்ன வாசம் என்று கேட்டார். மாம்பழம் என்றேன். திருப்பித் தந்தார்.

ரயிலில் ஏறியபோது லைப்சிக்கிலிருந்து செய்தி வந்திருந்தது: "சிவநேசன், பாஸ்போட் ஆரின்ரை பையில?"

"என்ரை பையில" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு, ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.