மைமூன் பெரியம்மா கடைச் சாவிகள்

இன்று செம்பூர் ஸ்டேஷன் வாசலில் சிக்கரி தூக்கலான காப்பி வாசனை வந்ததும், என் கை தன்னால் கைப்பைக்குள் வீட்டுச் சாவியைத் தேடியது.

தாராவியில் எங்கள் சந்து முனையில் மைமூன் பெரியம்மாவின் காப்பிக் கடை இருந்தது. வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லாரும் வீட்டைப் பூட்டி, "சாயந்தரம் வாங்கிக்கிடுதேன்க்கா" என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாய்லருக்குப் பின்னால், சுவரில் அடித்த ஆணிகளில் பகல் முழுக்க ஆவி பட்டுத் தொங்கிய அந்தச் சாவிகளில் காப்பி மணக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கை நீட்டினால், "ஏளா, மொதல்ல காப்பியக் குடி, பொறவு சாவி" என்பாள். கிளாஸ் காலியாவதற்குள் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும்.

புதுக் கட்டடத்துக்காக எங்கள் வீடுகளை இடிக்க வந்த அன்று, டெம்போவில் சாமான்களை ஏற்றி முடித்த அம்மா, காலி வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். "சாயந்தரம் வாங்கிக்கிடுதேன்க்கா" என்றும் சொன்னாள்.

"சரிளா, பாத்துப் போ" என்று பெரியம்மா அதை வாங்கி எங்கள் ஆணியிலேயே மாட்டினாள். மற்ற ஆணிகளிலும் அன்று சாவிகள் தொங்கின. அந்தச் சுவரையும் அன்றைக்குத்தான் இடித்தார்கள்.