அப்பா அண்ணனுக்கு, அம்மா தம்பிக்கு

அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் மதுரை டாக்டர். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிற தைரியத்தில் கவுண்டருக்குப் போனேன். "இது செல்லாதும்மா. வருமானம் கூடிப்போச்சுன்னு எடுத்துட்டாங்க" என்றாள் அங்கிருந்த பெண். அம்மாவுக்கு ஏது வருமானம்? மண்ணாங்கட்டி!

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஆடு மாட்டோடு பெற்றவர்களையும் பிரிப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அப்பா அண்ணனுக்கு, அம்மா தம்பிக்கு. சோறு போடுகிறவன் ரேஷன் கார்டில் பெயர் ஏறும். தம்பி இப்போது மில்லில் சூப்பர்வைசர். அவன் சம்பளத்தைப் பார்த்து அம்மாவின் அட்டையை வெட்டிவிட்டார்கள். எழுபது தாண்டினால் யார் சம்பளத்தையும் பார்க்காமல் கொடுப்பார்களாம். அம்மாவுக்கு இன்னும் எழுபது ஆகவில்லை. அதுவரை அந்த வால்வு பொறுத்திருக்குமா?

அண்ணன் கார்டில் சேர்த்தால் மறுபடி கிடைக்கும் என்றார்கள். அவனிடம் போய்க் கேட்டேன்.

"பேரு வந்தா ஆளும் பின்னாலயே வரும். அம்மாவுக்குன்னு விட்ட கரிசக்காடு தம்பிகிட்டல்ல இருக்கு? அதைக் குடுக்கச் சொல்லு, சேத்துக்கிறேன்."

"காட்டைப் புடுங்க இதான் சாக்கா?" என்று தம்பி துள்ளினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவிகளா, பெத்தவ மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கா. வெக்கமா இல்ல? நீங்க ஒருத்தரும் வேணாம், அருப்புக்கோட்டையில என் கார்டுல சேத்துக்கிறேன்" என்றேன்.

"மக வீட்டுல சேத்தா ஊரு காறித் துப்பாதா?" இதில் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே குரல்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்தார். "எங்க ரெண்டு பேருக்கும் தனிக் கார்டு வாங்கிரும்மா."

திருச்சுழி தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்தோம். தனி அடுப்பு இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றார்கள். மாடில்லாத தொழுவத்தைக் கூட்டி, அப்பா மூன்று கல் வைத்தார். ஆபீசர் வந்த அன்று நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் அம்மாவே உலை வைத்தாள். அவர் எட்டிப் பார்த்து, கார்டு வந்துவிடும், அதை வைத்துக் காப்பீட்டுக்கு எழுதிப்போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழம்பு கொதித்தபோது அம்மா உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அவுகளுக்கு எம்புட்டுப் போடணும்னு மறந்துபோச்சும்மா."

அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் இவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டதில்லை. அந்த ரெண்டு தடியன்களையும் இழுத்து வைத்து அறையவேண்டும் போலிருந்தது. அப்பா தட்டைக் கழுவிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

அண்ணன் வந்து தொழுவத்து வாசலில் நின்று கேட்டான். "ஆப்பரேசன் முடிஞ்சதும் இந்த அடுப்பை எடுத்துருவீகள்ல?"

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா தட்டில் சோற்றை வைத்தாள்.

"எதுக்குடா எடுக்கணும்? அரிசிதான் எங்க கார்டுலயே வருமே."