மூன்று கருக்களும் இரண்டு தாள்களும்

சென்ற செவ்வாய்க்கிழமை, தோஹாவில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் கவுன்ட்டர் முன்னால் நின்றிருந்தேன். எழுபத்தொரு வயதுக்காரனுக்கு அங்கே என்ன வேலை? கவுன்ட்டரில் இருந்த மலையாளி நர்ஸும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார்.

உடன் வந்தவள் என் மருமகள் வித்யா. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய படிவம் ஒன்று. கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

"ஹஸ்பெண்ட் சைன் இல்லையே மேடம். லீவுல நாட்டுக்குப் போயிருக்காரோ?"

வளைகுடாவில் கணவன் அருகில் இல்லையென்றால் முதலில் தோன்றுவது அதுதான். நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன்.

"இல்ல சிஸ்டர். இறந்துட்டாரு. எட்டு மாசம் ஆச்சு."

என் மகன் அருண். பத்திரிகையில் வரும் என் இந்தப் பத்தியில் அவனைப் பற்றி நான் எழுதியதில்லை. இன்றும் இதற்குமேல் எழுதப்போவதில்லை.

விஷயம் இதுதான். அருண், வித்யா இருவரின் மூன்று கருக்கள் அங்கே திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கின்றன. கணவன் இறந்தபின் அவற்றை இங்கே பயன்படுத்த விதி இடம் தராது. சென்னைக்குக் கொண்டுபோகலாமா? மனைவி எழுதிக் கேட்டால் மேலே அனுப்பிப் பார்ப்பார்களாம். கேட்காவிட்டால்... உறைநிலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்; அதோடு முடிந்தது.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். இத்துறையில் இப்போது நடப்பவை வியப்புக்குரியவை. முன்பு கருவை மெதுவாகக் குளிரவைத்தார்கள். பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்தன. இன்று நொடிகளில் கண்ணாடிபோல் இறுக்கிவிடுகிறார்கள். எந்தக் கரு கருப்பையில் தங்கும் என்று கம்ப்யூட்டர் படம் பார்த்து மதிப்பிடுகிறது. எலியின் உடல் செல்லிலிருந்தே கருமுட்டை உண்டாக்கி, குட்டியும் பிறந்தாகிவிட்டது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மாமனார் மருமகளிடம் கருப்பையைப் பற்றிப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆகவே கட்டுரைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் — ஒரு வரிகூடச் சேர்க்காமல். வற்புறுத்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நர்ஸ் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, சென்னைக்குக் கேட்கும் விண்ணப்பம். மற்றது, முடித்துக்கொள்வதற்கு. வித்யா இரண்டாவதை எடுத்தாள்.

"அவசரப்படாதேம்மா. உறைஞ்ச கரு பல வருஷம் கெடாது. ஆராய்ச்சியிலேயே..."

"தெரியும் மாமா. நீங்க அனுப்பினது எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணுலகூட, அந்தப் பொண்ணுக்கு அது வேணுமான்னு ஒருத்தரும் கேக்கலை."

"அப்புறம் எதுக்கு தம்ஸ் அப் போட்டே?"

"மாமனார் அனுப்பினா வேற என்னத்தைப் போடுறது?"

நர்ஸ் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வித்யா குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு அருண் வேணும். எனக்கும்தான். ஆனா இதுல அவர் இல்ல மாமா."

படித்தவர்களிடம் உள்ள கோளாறு இது — கேட்க வேண்டியதைக் கேட்கத் துணிவில்லாதபோது தகவல் தந்துகொண்டே இருப்போம். 'உனக்கு வேண்டுமாம்மா?' என்று கேட்க எந்த ஆய்வகமும் தேவைப்பட்டிருக்காது.

அவள் கையெழுத்திட்டாள். சாட்சியாக ஒருவர் வேண்டும் என்றார் நர்ஸ். போட்டேன். 'விண்ணப்பதாரருக்கு உறவு' என்ற கட்டத்தில் 'மாமனார்' என்று எழுதினேன்.

மறைந்தவருக்கு என்ன உறவு என்று கேட்க ஒரு கட்டம் இல்லாதது, நல்லதாயிற்று.