ஆட்டுப்பட்டி கிடந்த பாதி

மீனாட்சிபுரத்தில் செல்லமுத்துவின் நிலக்கடலைக் காட்டில் 1971ஆம் ஆண்டு நான் ஒரு பொய்ப் பரிசோதனை நடத்தினேன். அறியாமல் நேர்ந்த பிழை என்று ஓய்வு பெறும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிந்துதான் செய்தேன்.

அப்போது நான் விவசாய இலாகாவில் அதிகாரி. விவசாயியின் நிலத்திலேயே ஒரு துண்டில் புதிய உரம் போட்டு, இன்னொரு துண்டை உரமில்லாமல் விட்டு, விளைச்சலை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்தக் காட்டின் தெற்குப் பாதியில் கோடை முழுவதும் ஆட்டுப்பட்டி கிடந்திருந்தது. ஆனைமலைப் பக்கத்திலிருந்து வரும் பட்டிக்காரர்கள் படல் கட்டி ஆடுகளை அடைப்பார்கள்; மறுநாள் படலை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள்; புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். இதைச் செல்லமுத்துவே என்னிடம் சொன்னார். சொன்ன பிறகும் உரத் துண்டைத் தெற்கிலும் உரமில்லாத துண்டை வடக்கிலும் அளந்தேன். அறுவடையைப் பார்க்க மேலதிகாரி விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது. தெற்கே கடலை கொத்துக் கொத்தாக வந்தது. படம் எடுத்தார்கள். "இனிப் பட்டி தேவையில்லை, உரமே போதும்" என்று, ஊர்களுக்கு அச்சடித்து அனுப்பிய நோட்டீசில் ஒரு வரி சேர்த்தேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணத்தில், செல்லமுத்து தன் காட்டின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். மூன்றடி ஆழத்துக்கு. மறுவாரமே கிளம்பினேன்.

காலை 7.10. பாலக்காடு டவுன் ஸ்டேஷனில் பொள்ளாச்சிப் பாசஞ்சர். டிக்கெட் ஒன்றரை ரூபாய். மீனாட்சிபுரம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். பையில் அளவுச் சங்கிலியும் ஒரு கட்டு முளைக்குச்சியும். ஆனி மாதக் கணவாய்க் காற்று கரித்தூளை அள்ளிக் கண்ணில் போட்டது. புதுநகரம் தாண்டியதும் தெற்கே மலைச்சரிவில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன.

கொல்லங்கோட்டில் காலிப் பால் கேன்களோடு ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர். பெயர் ஆறுமுகம் என்றார். என் பையைப் பார்த்தார்.

"ஏனுங்க, மண்ணு வாங்கவா போறீங்க?"

"ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்?"

"சங்கிலியும் முளைக்குச்சியும் வெச்சிருக்கீங்களே. இப்பெல்லாம் சூளைக்காரந்தானுங்க காட்டை அளக்கறான். எங்கிட்ட வந்தீங்கன்னா நேரமாயிப் போச்சு. போன தையிலயே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஏன் கொடுத்தீர்கள்?"

"காடு சோறு போடோணுமில்லீங்க? நோட்டீசு குடுத்தாங்க, பட்டி வேண்டாம்னு. படிச்சவங்க சொன்னா செரியா இருக்கும்னு பட்டிக்காரனை வர வேண்டாம்னுட்டோம். ரெண்டு வெள்ளாமை நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் மண்ணு இறுகிப் போச்சுங்க, ஏரு போனா கட்டி கட்டியாப் பேருது. அந்த நோட்டீசு எழுதினவன் கையில கிடைச்சான்னா அவனைப் பட்டியில அடைச்சுப் போடுவனுங்க. புழுக்கையாச்சும் மிச்சமாகும்."

பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது. நான்தான் அவன் என்று சொல்ல முதலமடை ஸ்டேஷன் இருந்தது. அதன்பின் ஐந்தாறு மைல் இருந்தது. சொல்லவில்லை.

காலை 9.00. மீனாட்சிபுரம். ஸ்டேஷனிலிருந்து தெற்கே இரண்டு மைல் நடை. வழியில் பால் சொசைட்டிச் சுவரில் அந்த நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருந்தது, வெயிலில் மஞ்சளித்து, என் வரி மட்டும் தடித்த எழுத்தில். ஒரு காட்டில் ஒரே ஒரு முறை, அதுவும் துண்டுகளைத் திட்டம்போட்டு வைத்து எடுத்த முடிவு. மறுபடி செய்து பார்த்தீர்களா என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. அச்சான காகிதம் என்பதால் ஊர்மண் முழுவதும் அதற்குக் கீழ்ப்படிந்தது. கேட்காதவர்கள் பதவி உயர்ந்தார்கள். நானும் உயர்ந்தேன்.

காலை 9.50. செல்லமுத்துவின் வீடு. அவர் மனைவி வேலாத்தாள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கிருஷி ஆபீசருங்களா? வாங்க. மறுக்காப் படம் புடிக்க வந்தீங்களா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செல்லமுத்து காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சூளைக்காரன் வெள்ளிக்கிழமை வருகிறான் என்று மட்டும் சொன்னார்.

"ஒரு வெள்ளாமை பொறுங்கள். பட்டியை மறுபடி போடலாம். இந்த முறை எட்டுத் துண்டு. பட்டி மட்டும், உரம் மட்டும், இரண்டும், ஒன்றும் இல்லாதது. ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில். எது எங்கே என்பதை நான் சொல்லமாட்டேன். சீட்டுப் போட்டு எடுக்கலாம்."

"சீட்டா?" என்றார் வேலாத்தாள். "அன்னைக்கு உரம் எந்தப் பக்கம் போடறதுன்னு அம்மன்கிட்டப் பூக் கேக்கலாம்னு நாஞ் சொன்னப்ப, இது விஞ்ஞானம்னு ஊரு முன்னால சிரிச்சீங்களே. இப்ப உங்க விஞ்ஞானமும் பூத்தான் கேக்குதுங்களா?"

"கேட்கிறது, அம்மா. கையில் விருப்பம் இருக்கக்கூடாது. என் கையில் இருந்தது."

செல்லமுத்து முதல்முறையாக என்னைப் பார்த்தார். "வெளையாமப் போனா?"

"அப்போது மண்ணைக் கொடுங்கள். நான் தடுக்கமாட்டேன்."

"நீங்க தடுக்கறதுக்கு இதென்ன உங்க காடா?" என்றார். பிறகு மம்பட்டியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

பகல் 12.00. ஊர்க்கோயில். வேலாத்தாள் எட்டு இலைப்பொட்டலம் கட்டினார். வெள்ளரளி என்றால் பட்டி, செவ்வரளி என்றால் உரம், இரண்டும் இருந்தால் இரண்டும், வெறும் திருநீறு என்றால் ஒன்றுமில்லை. பூசாரி குலுக்கிப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். துண்டு வாரியாக நான் எழுதிக்கொண்டேன். நல்ல மண்ணுள்ள கிழக்கு மூலைக்கு வெறும் திருநீறு வந்தது. முன்பிருந்த நான் அதை மாற்றியிருப்பேன்.

மாலை 4.20 வண்டியில் திரும்பும்போது, சூளைக்கு மண் எடுத்த, காலையில் கவனிக்காத பள்ளங்களை எண்ணினேன். முதலமடை வருவதற்குள் பதினொன்று.

பட்டிக்காரர்கள் வர ஒரு மாதமாயிற்று. விதைப்பு தாமதமானது, மழை கைகொடுத்தது. அறுவடையில் இரண்டும் போட்ட துண்டுகள் முந்தின. பட்டி மட்டும் கிடந்தவை அவற்றை ஒட்டி வந்தன. உரம் மட்டும் போட்டவை வெகுவாகப் பின்தங்கின. செல்லமுத்து சூளைக்காரனைத் திருப்பி அனுப்பினார்.

என் பழைய ஆபீசுக்கு எல்லாவற்றையும் எழுதி, நோட்டீசைத் திரும்பப் பெறக் கேட்டேன். ஓய்வு பெற்றவர் நடத்திய பரிசோதனையை ஏற்க விதியில்லை என்று பதில் வந்தது. பணியில் இருந்தவன் செய்த பொய்யை ஏற்க விதி இருந்திருக்கிறது.

ஆகவே மீண்டும் அதே வண்டியில் போய்ப் பால் சொசைட்டியில் ஊரார் முன்னால் குற்றத்தை வாசித்தேன். வேலாத்தாள் சுவரிலிருந்த நோட்டீசை நகத்தால் சுரண்டி எடுத்தார். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஆறுமுகம் எழுந்தார். இரயிலில் உடன் சிரித்த ஆள் யாரென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"எங்க காட்டுலயும் எட்டுத் துண்டு அளந்து குடுங்க," என்றார். "தண்ணி வத்துனதும் வாங்க."

ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகும்போது அவர் காட்டைப் பார்த்தேன். மூன்றடிப் பள்ளத்து மழைநீரில் எருமைகள் கிடந்தன. முளைக்குச்சிகள் என் பையில் இருந்தன.