மேற்கு மூலையில் வைத்த பங்கு

இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையில் உட்கார்ந்திருந்த அந்த மெக்கானிக்குக்கு, கீழே நடமாடும் மனித இனத்தின் மேல் துளி மரியாதை கிடையாது. பட்டனை ஒரு தரம் அமுக்கினால் போதும் என்று தெரியாமல் பத்துத் தரம் குத்துகிற ஜன்மங்களுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? முதல் மாடிக்குப் போக லிஃப்டுக்குக் காத்து நிற்கும் தடியர்கள், மூடுகிற கதவில் காலை நீட்டும் மேதாவிகள், உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துப் பல் குத்தும் அதிகாரிகள். பதினெட்டு வருஷம் இதுகளை ஏற்றி இறக்கினவர் வேறு எப்படி இருப்பார்? எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடிப்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கடுகு என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பெயர் வைத்தவனுக்கு அதற்கு மேல் மூளை ஓடாது என்று விட்டுவிட்டார்.

அவர் மதித்த ஒரே உயிர் ஜன்னலுக்கு வெளியே விளிம்புச் சுவரில் இருந்தது. பொரி வல்லூறு. மூன்று வருஷமாக ஒரு ஜோடி அங்கே குடித்தனம் நடத்தியது. பெண் பெரியது, ஆண் சின்னது. முட்டை வைத்துவிட்டால் ஆண் வல்லூறு புறாவை அடித்துக் கொண்டுவரும், பெண் வாங்கிக்கொண்டு முறைக்கும்.

"நம்ம வீடு மாதிரியேதான்" என்று மனைவியிடம் ஒருநாள் சொன்னார்.

"அது கொண்டு வந்தாவது குடுக்குதே" என்றாள் அவள். அதோடு வீட்டில் வல்லூறுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வேட்டையைப் பார்க்க அவருக்கு அலுக்கவே அலுக்காது. புறாக் கூட்டத்துக்கு மேலே ஏறி, இறக்கையை ஒடுக்கி, கல் விழுகிற மாதிரி விழும். காற்றில் கொஞ்சம் இறகு பறக்கும், அவ்வளவுதான். தப்பினால் கூச்சல் போடாது, மறுபடி ஏறும். பிடித்ததை விளிம்பில் வைத்து, தலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நெஞ்சுக் கறியைப் பிய்த்துத் தின்னும். கட்டடத்திலேயே வேலை தெரிந்த ஆசாமி அதுதான், தனக்கு அடுத்தபடியாக, என்பது கடுகின் எண்ணம்.

அந்த வருஷம் மூன்று குஞ்சுகள். பொரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கழற்றிப் போட்ட புறாத் தலை ஒன்று காற்றில் உருண்டு முதலாளியின் கார் மேல் விழுந்தது. மேனேஜர் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"இன்னொரு தலை விழுந்துச்சு, வலை கட்டிடுவேன். கூடு, குஞ்சு எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சிடுவேன்."

வேறு ஒருவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார். கால்குலேட்டர் இல்லாமல் மாடிப்படி எண்ணத் தெரியாத மேனேஜரிடம் கடுகு கெஞ்சுவதா? இனி விளிம்பைத் தானே கூட்டுவது என்று முடிவு செய்தார். பெண் வல்லூறு மண்டையைக் கொத்த வந்ததால் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தவழ்ந்து போனார். தலை, எலும்பு, இறகு, மேற்கு மூலையில் குழாய்க்குப் பின்னால் செருகிக் கிடந்த பாதிப் புறா, ஒன்றையும் விடவில்லை. தினமும் வழித்து மூட்டை கட்டிக் குப்பையில் போட்டார்.

மாடி கூட்ட வரும் பெண் ஒருநாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, அந்த மூலைல இருக்கறத மட்டும்..."

"உன் வாளிய நீ பாரு. எனக்கு வல்லூறு சொல்லித்தர வந்துட்டா!"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கூட்டுகிறவளுக்கெல்லாம் என்ன தெரியும் என்று அவர் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. புறாக்கள் எங்கெங்கோ ஒண்டிக்கொண்டன. ஆண் நனைந்து, காலில் இரை இல்லாமல் திரும்பித் திரும்பி வந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. பெண் வல்லூறு எழுந்து மேற்கு மூலைக்குப் போய்க் குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்க்கும், குஞ்சுகளிடம் வரும், மறுபடி போகும்.

"என்னத்தத் தேடுது?" என்று கடுகு முணுமுணுத்தார்.

தேங்கிய தண்ணீரைத் தள்ள வந்த கூட்டுகிறவள்தான் பதில் சொன்னாள்.

"வச்ச சாப்பாட்டத் தேடுது. நெறைய கெடைச்ச அன்னிக்கு மிச்சத்த அங்க சொருகி வைக்கும். கெடைக்காத நாள்ல எடுத்து ஊட்டும். போன வருஷமே பாத்தேன். அன்னிக்குச் சொல்ல வந்தேன், வாளியப் பாக்கச் சொன்னீங்க."

தலையை மட்டும் எடுத்திருந்தால் போதும். அது கடுகுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றில் சின்னக் குஞ்சு கத்துவதை எப்போது நிறுத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. கோழிக்கறி வாங்கி வர லிஃப்டுக்கு ஓடினார். பட்டனை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். பத்துத் தரத்துக்கு மேலேயே இருக்கும்.

தொப்பலாக நனைந்து கறிப் பொட்டலத்தோடு திரும்பியபோது பெண் வல்லூறு ஊட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து வாங்கியவை இரண்டு குஞ்சுகள். மூன்றாவது அதன் காலடியில் கிடந்தது. அதைத்தான் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கடுகு பொட்டலத்தைப் பிரித்து, கறியை மேற்கு மூலையில் குழாய்க்குப் பின்னால் செருகினார். வெடிக்கவில்லை. திட்ட ஆள் தேடினார், கிடைக்கவில்லை. பின்னால் துடைப்பச் சத்தம் கேட்டது. திரும்பாமலே சொன்னார்:

"யம்மா, அந்த மூலைய மட்டும் கூட்டிடாத."

"நான் எப்பண்ணே கூட்டினேன்?" என்றாள் அவள்.