பூட்ஸ்காரனுக்கு இடம் இருக்குது

எல்லம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அவள் பிறந்த ஊரான மாகறலில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? அங்கே அடுத்தவன் வயலில் நாற்று நட்டாள். புருஷன் செத்தபின் காஞ்சிபுரம் வந்து சித்தாள் வேலைக்குச் சேர்ந்தாள். அறுபத்தெட்டாம் வருஷம் அங்கே நடந்த கோயில் திருப்பணிக்குச் சுண்ணாம்புச் சாந்து சுமந்தது அவள் தலைதான்.

அந்தக் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரன் குதிரைமேல் இருக்கிறான். தலையில் தொப்பி, கையில் துப்பாக்கி, காலில் பூட்ஸ். அந்தக் காலத்தில் துணி வாங்கக் கப்பலேறி வந்தவனைச் சிற்பி பார்த்தபடியே செதுக்கி வைத்துவிட்டான். தொப்பியில் சாந்து தெறித்தால் எல்லம்மாள்தான் துடைத்துவிடுவாள். “நல்லா உக்காந்துகினு இருக்கற தொரை” என்று திட்டவும் செய்வாள்.

வேலை முடிந்த அன்று விருந்து. எல்லோருக்கும் மண்டபத்தில் இலை. சேரியிலிருந்து வந்த சித்தாள்களுக்கு மட்டும் மதிலுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகை ஓரம். சட்டம் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதால் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“உள்ள எடம் பத்தாதும்மா. சாப்ட்டு எச்சில் எலைய நீங்களே எடுத்துடுங்க” என்றார் மேற்பார்வையாளர் ராஜகோபால். பந்தியில் பாதி காலியாகக் கிடந்தது.

சொல்லிவிட்டு, மெட்ராஸிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்களிடம் அந்தத் தூணைக் காட்டப் போனார். “பாத்தீங்களா, கடல் தாண்டி வந்தவனுக்கும் நம்ம கோயில்ல எடம் குடுத்திருக்காங்க. எவ்ளோ பரந்த மனசு!”

வாசலில் நின்ற எல்லம்மாளுக்கு அது காதில் விழுந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தலைச் சும்மாட்டை உதறிவிட்டு நேராக உள்ளே போனாள்.

“சார், அவன் பூட்ஸோட உள்ள இருக்கறான். நான் வெறுங்காலோட வெளிய நிக்கணுமா?”

“அது சிற்பம்மா. உனக்குப் புரியாது.”

“நல்லா புரியுது சார். கல்லுல இருக்கறவனுக்கு எடம் இருக்குது, அந்தக் கல்லுக்குச் சாந்து சொமந்தவளுக்கு இல்ல. மொதல்ல அவன எறக்கி வெளிய அனுப்பு. பின்னாலயே நானும் போறேன்.”

குதிரைக் குளம்புக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாசலில் நின்ற மற்ற சித்தாள்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ராஜகோபால் விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்தார். அவர்கள் தூணைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் இலை விழுந்தது.

வயிறு நிறைந்தும் எல்லம்மாள் கோபம் இறங்கவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“சார், எலைய எடுக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.